மலையில் நம் பிள்ளைகளும் போதையும்: நீங்கள் நேரில் பார்த்ததை எழுதுங்கள்

கோத்தகிரி வாத்தியார்

சீசன் வரப் போகிறது. ஏப்ரல், மே முழுக்க ஊரெல்லாம் வண்டி, பள்ளிக்கூடம் லீவு, பையன்கள் கையில் காசு. ஜூனில் வகுப்பு திறக்கும்போது சில முகங்கள் மாறித்தான் வருகின்றன. அதனால் இந்த இழையை இப்போதே தொடங்குகிறேன். அறிவுரை வேண்டாம், அது மேடையிலேயே நிறையக் கிடைக்கிறது. பார்த்தது என்ன, எது பலித்தது என்று மட்டும் எழுதுங்கள்.

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன். வாயாடி. திடீரென்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல ஆரம்பித்தான், அதுவும் கீழுதட்டை அசைக்காமல். ‘ப’வும் ‘ம’வும் மழுங்கி விழுந்தன. பாஸ்பரஸ் என்று சொல்லச் சொன்னேன், வரவில்லை. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில், தேயிலைப் பையைக் குட்டியாக்கியது போல ஒரு புகையிலைப் பொட்டலம். பையன்கள் ‘கூல்’ என்கிறார்கள். துப்ப வேண்டாம், புகை கிடையாது, வாயைத் திறந்தால் புதினா வாசம். வகுப்பறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்வது அதனால்தான். மிச்சத்தை சாக்ஸுக்குள் செருகி வைத்திருந்தான்.

வகுப்பில் ஒன்றும் சொல்லவில்லை. ரெக்கார்டு நோட்டுகளை ஸ்டாஃப் ரூம் வரை தூக்கி வரச் சொன்னேன். படியேறும்போது, “எரியுதாடா?” என்றேன். “என்ன சார்?” “ஈறு.” பாதிப் படி ஏறிய பிறகு, “காரம் சாப்பிட முடியல சார்” என்றான். எந்தக் கடை என்று ஆரம்பித்தால் இவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். யார் முதலில் கொடுத்தது என்று கேட்டேன். போன மே மாதம் பார்க்கிங்கில் டோக்கன் கிழிக்கப் போயிருக்கிறான். வெளியூர் டிரைவர் ஒருவர், “தூக்கம் வராதுடா, வச்சுக்கோ” என்று கொடுத்தாராம்.

விட வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கே இருந்தது. “ஆனா பசங்க நீட்டும்போது என்ன சார் சொல்றது?” என்று கேட்டான். போதை ஒழிப்பு நாளான ஜூன் 26 அன்று கையை நீட்டி எடுக்கிற உறுதிமொழியில் இதற்குப் பதில் இல்லை. வேண்டாம் என்று சொன்னால் “பயந்தாங்கொள்ளி” என்பார்கள். பதினைந்து வயதில் அதைத் தாங்குவது லேசு இல்லை. இருவரும் உட்கார்ந்து ஒரு பதிலைத் தயார் செய்தோம்: “பல் டாக்டர் மருந்து வச்சிருக்காரு, வேற எது வச்சாலும் புண்ணாயிடும்.” பொய்யாக இருக்கக் கூடாது என்று அந்த வாரமே அவன் அம்மாவோடு அரசு மருத்துவமனைப் பல் மருத்துவரிடம் அனுப்பினேன். முதல் சில நாள் எரிச்சலும் தலைவலியும் உச்சத்தில் இருக்கும், பிறகு சில வாரத்தில் அடங்கும் என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டது பெரிய உதவி. புகையிலையை விடுவதற்கென்று 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது, அதையும் எழுதிக் கொடுத்தார்.

சட்டத்தில் குறை இல்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் புகையிலை விற்கக் கூடாது, பள்ளியிலிருந்து 100 யாருக்குள் விற்கவே கூடாது என்று 2003-லேயே சட்டம் வந்தாயிற்று. எங்கள் ஊரில் 100 யார் என்பது ஒரு வளைவு, இரண்டு படிக்கட்டு. அடுத்த வளைவில் கடை இருக்கும்.

கொடை ஜீப்காரன்

சார் சொல்வது சரி. எங்கள் பக்கம் இன்னொரு தினுசு. வட்டக்கானல், பூம்பாறை, மன்னவனூர் எங்கே போனாலும் வருகிறவர்களில் சிலர் வியூ பாயின்ட்டைப் பற்றிக் கேட்பதில்லை. சோளம் சுடுகிற பையனிடம், குதிரை பிடிக்கிற பையனிடம் கேட்பது, “தம்பி, காளான் எங்க கிடைக்கும்?” என்றுதான். தின்றால் போதை ஏறுகிற காட்டுக் காளான். ஐந்நூறு ரூபாயை விரலிடுக்கில் வைத்துக்கொண்டே கேட்பார்கள். ஒரு நாள் முழுக்கக் குதிரை பிடித்தாலும் அந்தப் பையனுக்கு அவ்வளவு கிடைக்காது.

அவனுக்குப் போதை தேவைப்படவில்லை, வழி காட்டினால் காசு. முதலில் வழி காட்டுவான், அப்புறம் வாங்கிக் கொடுப்பான், ஒரு நாள் “நீயும் உட்காருடா” என்பார்கள். எங்கள் ஸ்டாண்டில் ஒரு பையன் இப்படித்தான் போனான். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் அவனைப் பிடிக்கவே முடியாது.

ஸ்டாண்டில் நாங்கள் சிலர் சேர்ந்து பையன்களுக்கு ஒரு பதில் பழக்கினோம். “அண்ணா, போன வாரம்தான் கேட்டவங்களையும் காட்டினவங்களையும் சேர்த்துப் பிடிச்சாங்க, அதோ அந்த ஜீப் அண்ணன்கிட்ட கேளுங்க.” அவ்வளவுதான். எங்களிடம் வந்து கேட்கிற தைரியம் யாருக்கும் வராது. பையனுக்கும் மரியாதை போகவில்லை. சில பேர் டிப்ஸ்கூடக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், எதற்கு என்றுதான் தெரியவில்லை.

காளான் இயற்கையில் முளைக்கிறது, அதில் என்ன குற்றம் என்று பையன்கள் கேட்பார்கள். அதில் இருக்கும் சைலோசைபின் 1985 போதைப்பொருள் சட்டப் பட்டியலில் இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்றும் சொல்வேன்: காட்டில் முளைக்கிற எல்லாக் குடையும் ஒன்று இல்லை. சில விஷக் காளான் தின்றால் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாது. வாந்தி ஆரம்பிக்கும்போது ஈரலில் கை வைத்திருக்கும். அதைச் சொன்னால்தான் கேட்கிறார்கள். ஜெயில் என்றால் சிரிக்கிறார்கள்.

பந்தலூர் அம்மா

எஸ்டேட்டில் இலை பறிக்கிறேன். லைன் வீடு. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எங்கள் நீலகிரி மாவட்டத்தில் டாஸ்மாக் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய். 2022-ல் வந்தது. காட்டுக்குள் உடைந்து கிடந்து யானைக் காலில் குத்துகிறது என்றுதான் கொண்டுவந்தார்கள், நல்ல திட்டம். ஆனால் பாட்டில் பொறுக்குகிறது யார்? எங்கள் வீட்டுப் பையன்கள்.

சின்னவன் எட்டாவது. ஞாயிற்றுக்கிழமை சாக்கு எடுத்துக்கொண்டு ரோட்டோரம் போவான், சாயங்காலம் காசோடு வருவான். எனக்கும் சந்தோஷம்தான். ஒரு நாள் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் போனால், அவனும் இன்னும் சில பையன்களும் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலாகக் கவிழ்த்து, அடியில் இருக்கிற சொட்டை எல்லாம் ஒரு ஜூஸ் பாட்டிலில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பிராந்தி, பீர், ரம் எல்லாம் ஒன்றாக. விரலை வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தான் ஒருவன். யாரும் இன்னும் குடிக்கவில்லை, எவ்வளவு சேரும் என்று பந்தயம்.

நான் அடிக்கவில்லை. ஜூஸ் பாட்டிலை வாங்கிச் சாக்கடையில் கொட்டினேன். அடுத்த வாரத்திலிருந்து பாட்டில் எங்கே எடுத்தாலும் அங்கேயே கவிழ்த்துவிட்டுத்தான் சாக்கில் போட வேண்டும், கூட நானோ பக்கத்து வீட்டு அக்காவோ இருப்போம் என்று சொல்லிவிட்டோம். காசை நிறுத்தவில்லை. அதில்தான் அவன் வாலிபால் வாங்கினான்.

வீட்டுக்காரர் குடிப்பார். அப்பா குடிக்கும்போது பிள்ளையிடம் என்ன சொல்வது என்று இங்கே நிறையப் பேர் யோசிப்பீர்கள். நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான். “உங்களுக்கு வேணும்னா நீங்களே போங்க. பையனைக் கடைக்கு அனுப்பாதீங்க, மிக்சர்கூட அவன் கையால வாங்காதீங்க.” முணுமுணுத்தார். ஆனால் இப்போது அனுப்புவதில்லை. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ் மது விற்கவே கூடாதாமே, டீச்சர் சொன்னார்கள். எங்கள் ஊரில் பன்னிரண்டு வயதுப் பையன் வேலிப் பக்கம் நின்றால் யாராவது பெரியவர் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்.

வெலிங்டன் ரன்னர்

ராணுவத்தில் இருந்து வந்தவன். விடிகாலையில் பையன்களுக்கு ஓட்டம் சொல்லிக் கொடுக்கிறேன், ஆள்சேர்ப்பில் 1600 மீட்டர் ஓட வேண்டும்.

குளிருக்கு ஒரு பெக் போட்டால் உடம்பு சூடாகும் என்று இந்த மலையில் சொல்லாத ஆள் இல்லை. பையன்களுக்கும் அதுதான் முதல் சாக்கு. உண்மை நேர்மாறு. சாராயம் போனதும் தோலுக்கு அடியில் இருக்கிற ரத்தக் குழாய் விரியும், முகம் கதகதப்பாகத் தெரியும், உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். குடித்துவிட்டுப் பனியில் விழுந்து கிடப்பவர் விறைத்துப் போவது இதனால்தான்.

ஒரு தடவை பீடி பழக்கம் இருந்த பையன் கடைசிச் சுற்றில் மூச்சு வாங்கி நின்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை, ஸ்டாப்வாட்சைக் காட்டினேன். அவனே விட்டான். காலையில் ஐந்து மணிக்கு எழ வேண்டியவன் ராத்திரி எங்கேயும் உட்கார மாட்டான். கிரவுண்டுக்கு அனுப்புங்கள், மற்றதெல்லாம் தானாகச் சரியாகும்.

குன்னூர் நர்ஸ்

ரன்னர் அண்ணா, எல்லாம் தானாகச் சரியாகும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நன்றாக விளையாடுகிற பிள்ளைகளையும் வார்டில் பார்த்திருக்கிறேன். மேட்ச் முடிந்த பார்ட்டியில் தொடங்கியதும் உண்டு.

யாரும் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன், தின்னர், பெட்ரோல். மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், மற்ற எல்லாப் போதையிலும் பெரியவர்கள்தான் அதிகம். முகர்கிற போதை ஒன்றில் மட்டும் பிள்ளைகள் முன்னால் நிற்கிறார்கள்: பெரியவர்களில் 0.58 சதவீதம், பிள்ளைகளில் 1.17 சதவீதம். காசு அதிகம் வேண்டாம், எந்தக் கடையிலும் கிடைக்கும். மூக்கைச் சுற்றிப் புண், சட்டைக் கையில் கறை, கெமிக்கல் வாடை இருந்தால் கவனியுங்கள். முகர்ந்துகொண்டிருக்கும் பையனைப் பார்த்தால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். அந்த நேரத்தில் பதறி ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே விழலாம், முதல் தடவையாக இருந்தாலும் விழலாம். மெதுவாகப் பக்கத்தில் போய், காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். சுயநினைவு இல்லை என்றால் 108.

கட்டபெட்டு அப்பா

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பிளஸ் ஒன் படிக்கிற மகனின் ஜெர்கினில் கஞ்சா வாடை. அவனிடம் இன்னும் கேட்கவில்லை. மருந்துக் கடையில் சிறுநீர் டெஸ்ட் கிட் வாங்கிப் பார்க்கலாமா? மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமா? ஊர் வாய் வேறு.

குன்னூர் நர்ஸ்

கிட் வேண்டாம் சார். இருக்கிறது என்று காட்டினால் என்ன செய்யப் போகிறீர்கள்? சண்டைதான் வரும். இல்லை என்று காட்டினால் நம்பப் போகிறீர்களா?

ராத்திரி அவன் தனியாக இருக்கும்போது, வாடை வந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள். “யார்கூடச் சேர்ந்த?” என்று ஆரம்பிக்காதீர்கள். அவன் பேசும் வரை காத்திருங்கள், அன்றைக்கே பேச மாட்டான். ஒரு தடவை முயன்று பார்த்தவனும் தினமும் இழுக்கிறவனும் ஒன்று இல்லை. தூக்கம், சாப்பாடு, மார்க், பழைய நண்பர்கள் எல்லாம் சேர்ந்து மாறியிருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிவாருங்கள். சிகிச்சைக்கு வருகிறவரை நாங்கள் போலீசுக்குப் பிடித்துக் கொடுப்பதில்லை. பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால், சிறு அளவு வழக்குகளில் விலக்கு தரவே அந்த 1985 சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. முதலில் போனில் பேச, போதைப் பழக்கத்துக்கு 14446, மனநலத்துக்கு 14416. இரண்டும் இலவசம்.

கோத்தகிரி வாத்தியார்

கூடவே ஒன்று, அப்பாவுக்கு. எங்கள் வகுப்பில் சில வீடுகள் செய்கிற ஏற்பாடு. பையன் எங்கேயாவது மாட்டிக்கொண்டால் அப்பாவுக்கு மிஸ்டு கால் கொடுப்பான். அப்பா திரும்பக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “பாட்டிக்கு உடம்பு சரியில்ல, உடனே வா” என்று சத்தம் போடுவார். திட்டு எல்லாம் அப்பாவுக்கு, பையனுக்கு மானம் மிச்சம். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு விசாரணை கிடையாது, அதுதான் ஒப்பந்தம். அதை மீறினால் அடுத்த மிஸ்டு கால் வராது.

கட்டபெட்டு அப்பா

பாட்டி நல்லா இருக்காங்க சார், ஆனா இதுக்கு ஒத்துக்குவாங்க. இன்று ராத்திரி பேசிப் பார்க்கிறேன்.

கொடை ஜீப்காரன்

வாத்தியார் சொன்ன அந்தப் பார்க்கிங் டிரைவர் விஷயம் மனதில் நிற்கிறது. கொடுக்கிறது எங்கள் ஆட்களும்தானே. 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு மது, புகையிலை, போதை எது கொடுத்தாலும் ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம், 2015 சிறார் நீதிச் சட்டம் 77-வது பிரிவு. இது எங்கள் ஸ்டாண்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. பெரிய எழுத்தில் அடித்து டோக்கன் கவுண்டரில் ஒட்டப் போகிறோம். ஊட்டி, குன்னூர் பக்கம் ஸ்டாண்டில் இருக்கிற அண்ணன்மார் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்த்தே அடித்துவிடலாம்.