டிரெஸ்டனில் ஒரு செமஸ்டர்: வீட்டு நினைப்புக்கு முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம்?

கேள்வி (சேலத்து மாங்கனி)

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. 2026 அக்டோபர் முதல் மார்ச் வரை எக்ஸ்சேஞ்சில் ஜெர்மனி, டிரெஸ்டன் போகிறேன். விசா, காப்பீடு, விடுதி அறை எல்லாம் முடிந்தது. ஹாஸ்டல் பழக்கம் உண்டு. ஆனால் இங்கே வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு. அங்கே அது நடக்காது.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். 23 கிலோவில் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஒதுக்கலாம், எதை எடுத்துப் போகக் கூடாது? அம்மா தினமும் ராத்திரி வீடியோ காலில் வரச் சொல்கிறார், அது சரிப்படுமா? மனசு ரொம்பக் கனத்தால் அங்கே யாரிடம் போவது? “பிஸியா இருங்க, சரியாயிடும்” மாதிரி பதில் வேண்டாம், ப்ளீஸ்.

பதில் 1 (அரைப்படி)

போன் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். நீங்கள் போய் இறங்கும்போது நேர வித்தியாசம் மூன்றரை மணி. அக்டோபர் 25, ஞாயிறு விடியற்காலை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அன்றிலிருந்து நாலரை மணி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆறு மணிக்கு வகுப்பு முடிந்து நீங்கள் வெளியே வரும்போது சேலத்தில் பத்தரை. அம்மா தூக்கத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நீங்கள் பசியோடு பேசுவீர்கள். பேசி முடித்ததும் அறையில் நீங்களும் இருட்டும்தான். ஒரு நாளில் ரொம்ப மோசமான நேரம் அதுதான், அந்த நேரத்துக்கு வீட்டுப் பேச்சை வைக்காதீர்கள்.

காலை ஏழரைக்கு வையுங்கள். சேலத்தில் மதியம் பன்னிரண்டு, வீட்டில் குக்கர் விசில் அடிக்கிற நேரம். பத்து நிமிஷம், வீடியோ இல்லாமல், நீங்கள் காபி போட்டுக்கொண்டே பேசலாம். பேச்சு முடிந்ததும் வகுப்புக்குக் கிளம்ப வேண்டியிருக்கும் என்பதுதான் இதில் இருக்கும் சௌகரியம். வீடியோவை ஞாயிறு காலை பத்தரைக்கு (இங்கே மூன்று மணி) ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். அங்கே ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், ஊரே அடங்கிக் கிடக்கும், ஆக அந்த ஒரு மணி நேரம் வீணாகாது. இதைக் கிளம்புவதற்கு முன்பே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். போன பிறகு நேரத்தை மாற்றினால் ‘பிள்ளை மாறிவிட்டான்’ என்று ஆகிவிடும்.

அடுத்தது வெளிச்சம். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் டிரெஸ்டனில் சூரியன் காலை எட்டு மணி சுமாருக்கு எழுந்து மாலை நாலுக்கே இறங்கிவிடும். காலையில் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. நம் ஆட்கள் வீட்டு நினைப்பு என்று சொல்வதில் பாதி பசி, பாதி இருட்டு, பாதி தப்பான நேரத்துப் போன். (மூன்று பாதி எப்படி என்று கேட்காதீர்கள், நவம்பரில் தெரியும்.) மென்சாவில் (பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடம்) மதியச் சாப்பாடு முடிந்ததும் அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போங்கள். மேகமூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, அறை விளக்கைவிட வெளியே வெளிச்சம் பல மடங்கு. வைட்டமின் டி அளவை இங்கேயே ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிட்டு டாக்டரிடம் கேளுங்கள். தோலில் வெயில் படாத காலத்துக்கு ஜெர்மன் ஊட்டச்சத்துச் சங்கம் சொல்லும் அளவு நாளுக்கு 20 மைக்ரோகிராம், அதாவது 800 ஐயூ.

பதில் 2 (கடுகு வெடிக்கட்டும்)

சாப்பாட்டுக்கு ஐந்து கிலோ போதும். அரிசி, பருப்பு, மஞ்சள் தூளெல்லாம் சுமக்காதீர்கள், ஆசியக் கடையிலும் துருக்கிக் கடையிலும் கிடைக்கும். கிடைக்காதது உங்கள் வீட்டுக் கைப்பக்குவம் மட்டும்தான். வாரம் மூன்று நாள் சாம்பார், வேளைக்கு 10 கிராம் பொடி, 24 வாரம் என்றால் 720 கிராம். சாம்பார் பொடி முக்கால் கிலோ, இட்லிப் பொடி அரைக் கிலோ, பருப்புப் பொடி அரைக் கிலோ, புளிக்காய்ச்சல் அரைக் கிலோ, வற்றல் வகை கொஞ்சம். மிச்சம் முறுக்கும் கடலை மிட்டாயும். பெருங்காயத்தை மூன்று உறை போட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஸ்வெட்டர் மார்ச் வரை மணக்கும். எல்லாம் செக்-இன் பெட்டியில்தான். மிளகாய்ப் பொடியைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். கொப்பரையைப் பெட்டியில் வைக்கவே கூடாது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் பொருள்களின் பட்டியலில் அது இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணி பால், இறைச்சிப் பொருள் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா இரண்டும் அதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சான்றிதழ் வேண்டும், அதனால் நிழலில் உலர்த்திப் பொடியாக்கி எடுத்துப் போங்கள். கருவாட்டுக்குத் தடையில்லை, ஆனால் பொதுச் சமையலறையில் அதை வறுத்தால் தளம் முழுக்க உங்களுக்கு எதிரி.

மிக்ஸி அங்கேயும் ஓடும். மின்சாரம் இங்கே போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்தான் பொருந்தாது, எர்த் உள்ள அடாப்டர் வாங்குங்கள். குக்கர் எடுப்பதற்கு முன் விடுதி அடுப்பு எது என்று கேளுங்கள். இண்டக்‌ஷன் என்றால் அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் சூடாகும், சாதா அலுமினிய குக்கர் வெறும் சுமை.

தாளிப்பில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள். கண்ணாடி அடுப்பை அணைத்தாலும் தட்டு சில நிமிஷம் கொதித்துக்கொண்டேதான் இருக்கும். கடுகு வெடித்ததும் அணைத்துவிட்டு நின்றால் மிளகாய் கருகிப் புகை கிளம்பும். கரண்டியைத் தட்டிலிருந்து தூக்கிவிட வேண்டும். புகை வந்துவிட்டால் கை தானாகக் கதவைத் திறக்கப் போகும், அதைச் செய்யாதீர்கள். வராந்தாவில் இருக்கும் புகை உணரி அலறும். கதவைச் சாத்தி ஜன்னலை முழுக்கத் திறங்கள். பொய் அலாரத்துக்குத் தீயணைப்பு வண்டி வந்தால் கட்டணம் உங்கள் தலையில் விழலாம்.

கேட்டவர்

நன்றி. இட்லி மாவு அந்தக் குளிரில் புளிக்குமா?

பதில் 2, மறுபடியும் (கடுகு வெடிக்கட்டும்)

புளிக்கும், ஆனால் இடம் பார்த்து வைக்க வேண்டும். நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து, அரை ஸ்பூன் வெந்தயம். 28, 30 டிகிரி வேண்டும். அறையில் 20 இருந்தால் ஒரு நாள் முழுக்க ஆகலாம். ஹீட்டர் மேல் வைக்காதீர்கள்: ஒரு பக்கம் காய்ந்து ஏடு கட்டும், பல கட்டடங்களில் ராத்திரி ஹீட்டரைத் தாழ்த்தியும் விடுவார்கள். ஓவனில் சூட்டைப் போடாமல் உள் விளக்கை மட்டும் எரியவிட்டு ராத்திரி வையுங்கள். 50 டிகிரியில் வைத்தால் மாவு சரியாகப் புளிக்காது. ஓவன் கதவில் ‘மாவு இருக்கிறது’ என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். பக்கத்து அறைக்காரர் பீட்சாவுக்கு 220 வைப்பது உண்டு.

பதில் 3 (எல்பே கரை)

நாள் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. வகுப்பு இல்லை, கடையும் இல்லை; சாமான் சனிக்கிழமையே வாங்க வேண்டும். அன்று விடுதியில் உங்கள் மாடியில் இருப்பவர்களைச் சாப்பிடக் கூப்பிடுங்கள், இரண்டு வாரம் முன்பே சொல்ல வேண்டும். அங்கே முதல் நாள் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள், அது பகை இல்லை, வழக்கம். பொங்கல் ஜனவரி நடுவில், வகுப்பு நாள், தேர்வுக்கு முந்தைய நெருக்கடி. அதை வார இறுதிக்குத் தள்ளுவதுதான் புத்திசாலித்தனம்.

கோயில் வேண்டுமென்றால் ஹாம் நகரில் ஈழத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் பெரிது, 2002இல் குடமுழுக்கு ஆனது. டிரெஸ்டனிலிருந்து ரயிலில் போகவே பல மணி நேரம் ஆகும், ஒரு தரம் போய்வரலாம். தேர் கோடையில், அப்போது நீங்கள் ஊரில் இருப்பீர்கள்.

யாரிடம் போவது என்று கேட்டீர்கள். மென்சாவையும் விடுதியையும் நடத்தும் ஸ்டூடியரெண்டென்வெர்க்கில் மனநல ஆலோசனையும் உண்டு. நேரம் கிடைக்கச் சில வாரம் ஆகலாம், அதனால் முற்றும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரம் தொடர்ந்து தூக்கம் கெட்டாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, வகுப்புக்கு எழுந்து போக முடியாவிட்டாலோ அன்றைக்கே எழுதுங்கள். நள்ளிரவில் தாங்க முடியவில்லை என்றால் டெலிஃபோன்ஸீல்சோர்கே (போனில் மனக்கஷ்டத்தைக் கேட்கும் சேவை): 0800 111 0 111, இலவசம், 24 மணி நேரமும். பேச்சு பெரும்பாலும் ஜெர்மனில். உயிருக்கே ஆபத்து என்றால் அவசர உதவி எண் 112.

கடைசியாக கிறிஸ்துமஸ். டிசம்பர் 24 மதியம் இரண்டு மணியோடு கடைகள் மூடிவிடும். 25, 26 விடுமுறை. இந்த வருஷம் 27 ஞாயிறு. திங்கட்கிழமை காலைவரை ஒரு தக்காளி வாங்க முடியாது. மென்சாவும் மூடியிருக்கும், விடுதியில் முக்கால்வாசிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். வேறு யார் தங்குகிறார்கள் என்று டிசம்பர் முதல் வாரமே விசாரித்து வையுங்கள். மூன்றரை சதவீதக் கொழுப்புள்ள தயிர் அரைக் கிலோ டப்பாவாக மூன்று, 23ஆம் தேதியே வாங்கி வைத்துவிடுங்கள். புளிப்பு பற்றாது; முதல் நாள் ராத்திரி ஒரு கிண்ணத்தில் எடுத்து வெளியே வைத்தால் மறுநாள் தயிர்சாதத்துக்குச் சரியாக இருக்கும்.