ட்ரெய்லரோடு படகு ஷெட்டுக்குள் நுழையுமா?

கேள்வி (காவேரிப்பட்டணம்): சித்தப்பாவின் 16 அடி ஃபைபர் படகு எங்கள் வீட்டுக்கு வருகிறது. ட்ரெய்லர் கொக்கியிலிருந்து மோட்டார் நுனி வரை 21 அடி. மாங்காய் வண்டிக்காகக் கட்டிய ஷெட் உள்ளே 20 அடி நீளம், 11 அடி அகலம், ஷட்டர் உயரம் 8 அடி. இந்த வெயிலில் வெளியே போட மனசே வரவில்லை. சுவரை இடிக்காமல் வழி உண்டா?

பதில் (ஓசூர்): தம்பி, மோட்டாரைத் தூக்கி வைத்து அளந்தீர்களா? இறக்கி நேராக நிறுத்தினால் பின்பக்கம் நீளம் குறையும், ஆனால் மோட்டாரின் அடிநுனியில் நீட்டியிருக்கும் தகடு தரையில் இடிக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அப்புறம் பின்பக்கமாக உள்ளே தள்ளி, முன்சக்கரத்தை உருட்டிக் கொக்கியை ஒரு மூலைக்கு ஒதுக்கினால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். இவ்வளவே போதும் என்று நினைக்கிறேன்.

பதில் (பாலக்கோடு): போதாவிட்டால் ட்ரெய்லரின் முன்கம்பியை மடக்குவதற்கென்றே கீல் விற்கிறார்கள். கம்பியின் அளவுக்கும் மொத்த எடைக்கும் பொருந்துகிறதா பார்த்து வாங்குங்கள். தெருமுனைப் பட்டறையில் அறுத்து வெறும் கதவுக்கீலை வெல்டிங் வைக்க மட்டும் விடாதீர்கள், இழுவிசை முழுக்க அந்த இடத்தில்தான். வாசல் சரிவாக இருந்தால் உயரத்தையும் பாருங்கள்: சக்கரம் சரிவில் ஏறும்போது படகின் ஒரு முனை மேலே எழும்பும், ஷட்டர் உருளையில் கண்ணாடி தட்டும்.

பதில் (ஊத்தங்கரை): பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வையுங்க. ஆவி தரையோடு தேங்கும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருந்தால் ஆபத்து.