மறுமொழி: ரீஜெனரேஷன், ரினிவல் இரண்டுக்கும் 'புதுப்பித்தல்' போதுமா?

அன்பின் நண்பர்களுக்கு, வணக்கம்.

ரீஜெனரேஷன் (regeneration), ரினிவல் (renewal) என்ற ஆங்கிலச் சொற்கள் இரண்டுக்கும் தமிழில் 'புதுப்பித்தல்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்கிறார் முன்மடலில் ஐயா. எனக்கு உடன்பாடில்லை. ஓட்டுநர் உரிமத்துக்கும் காற்றாலை மின்சாரத்துக்கும் அந்தச் சொல் கச்சிதம். உயிரியலில்தான் இடிக்கிறது.

குடலின் உட்படலச் செல்கள் 3 முதல் 5 நாளில் உதிர, புதியவை மேலேறி வருகின்றன. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். காயம் எதுவும் இல்லாமல் அன்றாடம் நடக்கும் வேலை இது, ரினிவல். பல்லி வாலைப் போட்டுவிட்டு ஓடியபின் முளைப்பது ரீஜெனரேஷன்.

பின்னதற்குப் பாடநூலில் 'இழப்பு மீட்டல்' இருக்கிறது. ஆனால் மீண்டது என்ன? பல்லியின் புது வாலை அறுத்துப் பார்த்தால் முள்ளெலும்புகள் இல்லை, நீளமாக ஒரு குருத்தெலும்புக் குழல்தான். எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் எடை ஏறக்குறையப் பழைய அளவுக்கு வந்துவிடும். வெட்டிய மடல்களோ முளைப்பதே இல்லை, மிஞ்சியவை பருக்கின்றன. உருவம் மீளாத இடத்தில் 'இழப்பு மீட்டல்' என்றோ 'மீளுருவாக்கம்' என்றோ எப்படிச் சொல்வது? ஆக்சலாட்டில் (வாலுள்ள ஒரு நீர்நிலவாழ் உயிரி) போன்றவைதாம் எலும்பு, தசை, விரலோடு காலை முழுசாக வளர்த்துக்கொள்கின்றன.

ஆகவே ரீஜெனரேஷனுக்கு 'மறுவளர்ச்சி' என்பேன். இழந்தபின் வளர்கிறது என்பதோடு அது நின்றுகொள்கிறது. வந்தது பழையதேதான் என்று வாக்குக் கொடுப்பதில்லை. ஆக்சலாட்டிலைத் தனியே சுட்ட வேண்டுமானால் 'முழுவுரு மறுவளர்ச்சி'.

திசு ரினிவலுக்குப் 'புதுக்கம்'. புதுப்பித்தல் என்றால் வெளியிலிருந்து ஒரு கை வேண்டும். 'புதுக்கு' என்ற வினையும் அப்படித்தான். கோயிலைப் பழுதுபார்க்க விட்ட நிலத்துக்குக் கல்வெட்டில் 'புதுக்குப்புறம்' என்றே பெயர். ஆனால் '-அம்' சேர்ந்ததும் பெருக்கம், சுருக்கம் போல, செய்தவர் யார் என்ற கேள்வி விழுந்துவிடுகிறது. 'தோல் புதுக்கம்', 'குடல் புதுக்கம்': சொல்லிப் பாருங்கள், வாய்க்கு ஒத்துவருகிறது.

காடு மீண்டும் வளர்வதையும் ரீஜெனரேஷன் என்பார்கள், அதை இதோடு சேர்க்க வேண்டாம். விதை விழுந்து முளைப்பது வேறொரு மரம். வெட்டிய கட்டையிலிருந்து வருவதற்கு 'மறுதுளிர்ப்பு' எனலாம்.

மான்கொம்பு ஒன்றுதான் எதில் சேரும் என்று இழுக்கிறது. ஆண்டுதோறும் தானே விழுந்து தானே முளைப்பதால் புதுக்கம் என வாதாடலாம். உறுப்பே முழுசாகப் போய் வருவதால் நான் மறுவளர்ச்சியில்தான் சேர்ப்பேன். குழுவில் உள்ள கால்நடை மருத்துவர்கள் இதில் கருத்துச் சொன்னால் நல்லது.