உறைந்த மரக்கறி வாங்கலாமா? சமைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. அம்மாவுக்கு மரக்கறி கூடுதலாகக் கொடுக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருக்கிறார். திருகோணமலைச் சந்தையில் கத்தரி, வெண்டி, கீரை எல்லாம் நல்லதாகவே கிடைக்கும், அதில் குறையில்லை. போஞ்சிதான் யோசனை. மலைநாட்டிலிருந்து தம்புள்ளை வழியாக இங்கே வந்து சேருவதற்குள், டக்கென்று முறிய வேண்டியது துவண்டு போய்க் கிடக்கிறது. பறித்து நாளாக ஆக விற்றமின் சி குறையும். உறைந்ததை வெந்நீரில் சற்று அவித்துத்தான் உறைய வைப்பார்கள். அப்போது கொஞ்சம் சத்துப் போனாலும் மைனஸ் 18 பாகையில் மிச்சம் பெரும்பாலும் நிற்கும்.

சரி, ருசி? உறைந்த போஞ்சியில் பால்கறி வைத்தால் தண்ணீர் விட்டுச் சவசவக்குமா? உருக விடாமல் நேரே சட்டியில் போடுவதா? எந்த மரக்கறிக்கு உறைந்தது ஒத்துவரும்? அம்மா ருசி இல்லாவிட்டால் தொடமாட்டார், அதனால்தான் கேட்கிறேன்.