மொபைலுக்குத் தனித் தளமா, எல்லாத் திரைக்கும் ஒரே பக்கமா?

அருள்மொழி: எங்கள் ஊர் வார இதழின் இணையதளத்தைப் புதிதாகக் கட்டுகிறோம். வாசகர்களில் பெரும்பாலோர் போனில்தான் படிக்கிறார்கள். இப்போது மொபைலுக்குத் தனி முகவரியில் தனித் தளம் ஓடுகிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா, இல்லை, ஒரே பக்கம் திரையின் அகலத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் ரெஸ்பான்சிவ் முறைக்கு மாறலாமா?

கதிர்: தனித் தளத்தை விடாதீர்கள். பல ரெஸ்பான்சிவ் தளங்கள் டெஸ்க்டாப்புக்கான அத்தனை படத்தையும் ஸ்கிரிப்ட்டையும் போனில் இறக்கிவிட்டு, பாதியை சிஎஸ்எஸ்ஸில், அதாவது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் விதிகளில், மறைக்கின்றன. பக்கத்தில் போட்ட படத்தை மறைத்தாலும் அது இறங்கத்தான் செய்யும். டேட்டா வாசகருடையது.

நிலா: கதிர் அண்ணா சொல்வது கட்டுபவரின் குறை, முறையின் குறை இல்லை. ஒரே படத்தின் பல அளவுகளை சோர்ஸ்செட் என்ற பட்டியலாகக் கொடுத்தால் திரைக்கு ஏற்ற படத்தை பிரவுசரே தேர்ந்தெடுக்கும். தனித் தளத்தில்தான் சிக்கல் தீராது. வந்திருப்பது போனா கணினியா என்று சர்வர், பிரவுசர் தன்னை அறிமுகப்படுத்தும் யூசர் ஏஜென்ட் வரியைப் பார்த்து ஊகிக்க வேண்டும். 2019-இல் ஐபேடின் இயங்குதளமான ஐபேட்ஓஎஸ் 13 வந்ததிலிருந்து அதன் சஃபாரி பிரவுசர் தன்னை மேக் கணினி என்றே சொல்லிக்கொள்கிறது. ஊகம் அங்கேயே உடைகிறது. வாட்ஸ்அப்பில் பகிர்ந்த மொபைல் சுட்டியை மடிக்கணினியில் திறந்தால் என்ன ஆகும்?

கதிர்: அதற்கு ரீடைரக்ட், அதாவது சரியான முகவரிக்குத் தானாகத் திருப்பிவிடுவது, போதும். மொபைலில் எதை விடலாம் என்று ஆசிரியர் குழு முடிவெடுக்கும் உரிமை எனக்கு முக்கியம்.

நிலா: போனில் தேவையில்லாதது கணினியில் மட்டும் ஏன் இருக்க வேண்டும்? அதை இரண்டிலுமே எடுத்துவிடுங்கள்.

தேனருவி: இருவருமே கருவியை வைத்துப் பேசுகிறீர்கள். வலை வடிவமைப்பாளர் ஈதன் மார்கோட் 2010-இல் ரெஸ்பான்சிவ் என்று எழுதியபோது நெகிழும் கட்டம், நெகிழும் படம், மீடியா குவரி (திரையின் அகலத்தைப் பார்த்துத் தோற்றத்தை மாற்றும் விதி) மூன்றையும் சேர்த்தே சொன்னார். நாம் கடைசியை மட்டும் பிடித்துக்கொண்டு 320, 768, 1024 பிக்சல் என்று பிரேக்பாயின்ட், அதாவது அமைப்பு மாறும் எல்லை, போட்டோம். அவை அன்றைய ஐபோன், ஐபேட் அகலங்கள். இன்று மடக்கும் போன் இருக்கிறது, திரையைப் பாதியாகப் பிரித்தும் படிக்கிறார்கள். எந்த அகலத்தில் உள்ளடக்கம் நெருக்குகிறதோ அங்கே மாற்றுங்கள்.

தமிழுக்கு இது இன்னும் அவசியம். 'ஒத்திவைக்கப்பட்டுள்ளது' என்ற ஒரே சொல் குறுகிய பத்தியில் (செய்தித்தாளில் இருப்பதுபோன்ற நெடுவரிசையில்) ஒரு வரியை விழுங்கிவிடும். ஆங்கிலத்துக்கு வரைந்த மூன்று பத்தி டெம்ப்ளேட்டில் நம் தலைப்புகள் பெட்டியைத் தாண்டி வழிவதைத் தினமும் பார்க்கிறோம். பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் கிரிட்டில், இடத்துக்கு ஏற்பக் கட்டங்களை அடுக்கும் ஆட்டோ-ஃபிட், குறைந்த அளவையும் கூடிய அளவையும் சொல்லும் மின்மேக்ஸ் இரண்டையும் வைத்து ஒவ்வொரு கட்டமும் குறைந்தது 18 ரெம் (ஒரு ரெம் என்பது பக்கத்தின் அடிப்படை எழுத்தளவு) என்று சொல்லிவிட்டால், எத்தனை பத்தி என்பதை பிரவுசர் பார்த்துக்கொள்ளும். ஒரே செய்தி அட்டை நடுப்பத்தியிலும் ஓரத்திலும் வந்தால், திரைக்குப் பதில் அட்டை இருக்கும் பெட்டியின் அகலத்தைப் பார்க்கும் கன்டெய்னர் குவரி.

நிலா: வெறும் 18 ரெம் ஆபத்து, அக்கா. வயதானவர் எழுத்தளவைக் கூட்டி வைத்திருந்தால் ரெம்மும் கூடும். 16 பிக்சல் 20 ஆனால் அந்தக் கட்டம் 288-லிருந்து 360 பிக்சலாகி, 320 திரையில் பக்கவாட்டு ஸ்க்ரோல் வந்துவிடும். 18 ரெம், கிடைக்கும் அகலத்தில் நூறு சதவீதம் இரண்டில் எது சிறியதோ அது என்று சிஎஸ்எஸ்ஸின் மின் (min) செயற்கூற்றில் எழுத வேண்டும். மெனுவுக்கு மீடியா குவரி எப்படியும் தேவைப்படும். அதை முழுக்க ஒதுக்க முடியாது.

தேனருவி: மின் திருத்தம் சரி, சேர்த்தே ஆக வேண்டும். மெனுவுக்கு ஒரே ஒரு மீடியா குவரி, எழுத்தளவைச் சார்ந்த எம் அளவில். அதற்கு மேல் வேண்டாம்.

கதிர்: கன்டெய்னர் குவரி மூன்று பெரிய பிரவுசர்களிலும் முழுதாக வந்ததே 2023 பிப்ரவரியில், ஃபயர்ஃபாக்ஸ் 110-உடன். பிரவுசர் புதுப்பிப்பு நின்றுபோன பழைய ஆண்ட்ராய்டு வைத்திருப்பவரை என்ன செய்வீர்கள்? எங்கள் பகுதியில் அவர்கள்தான் வாசகர்கள்.

தேனருவி: புரியாத விதியை பிரவுசர் தாண்டிப் போய்விடும், தம்பி. அடிப்படை ஒற்றைப் பத்தியாக இருந்தால் அவருக்கு அதுவே கிடைக்கும். செய்தி படிக்க அது போதும்.

கதிர்: அடிப்படை அப்படி இருந்தால் லேஅவுட்டில் எனக்குத் தடையில்லை. பக்க எடையில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு கட்டுரை எத்தனை கேபி (கிலோபைட்) என்று முதலிலேயே வரம்பு வைத்துவிட்டு அப்புறம் கட்டுங்கள்.

அருள்மொழி: வரம்பு வைக்கிறோம். பழைய மொபைல் சுட்டிகளை என்ன செய்வது?

நிலா: ஒவ்வொன்றையும் அதே கட்டுரையின் புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பும் 301 ரீடைரக்ட் கொடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால் பழைய சுட்டி வைத்திருப்பவர் கட்டுரையைத் தேடி அலைவார்.