திருவிழாவுக்காக மண்ணிறக் குளிசைகளைத் தவிர்க்கலாமா?

கேள்வி: கோண்டாவில் வாசகி

எனக்கு 27 வயது. முதற்பிள்ளையைச் சிறிது காலம் தள்ளிப்போடுவது என்று நானும் கணவரும் முடிவெடுத்து, எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வழியாகக் கருத்தடைக் குளிசை பெற்று, இவ்வருடத் தொடக்கத்திலிருந்து எடுத்து வருகின்றேன். அட்டையில் 28 குளிசைகள் உள்ளன. 21 வெள்ளை, 7 மண்ணிறம். மண்ணிறக் குளிசைகள் எடுக்கும் கிழமையில் மாதவிடாய் வருகின்றது.

நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கிவிட்டது. என் கணக்குப்படி, தேரும் தீர்த்தமும் அடுத்த அட்டையின் மண்ணிறக் கிழமைக்குள் விழுகின்றன. மாமியார் வீட்டில் திருவிழாவின் 25 நாளும் விரதம் இருப்பார்கள். அந்த நாள்களில் நான் ஒதுங்கியிருக்க நேருவதை நானே விரும்பவில்லை. மண்ணிறக் குளிசைகளை எடுக்காமல் அடுத்த அட்டையின் வெள்ளைக் குளிசையை உடனே தொடங்கினால் மாதவிடாய் தள்ளிப்போகும் என்று அலுவலகத் தோழி ஒருவர் கூறினார். இது உண்மைதானா? உடலுக்குத் தீங்கு உண்டா? கருத்தடைப் பாதுகாப்புக் குறையுமா? குளிசை தவறினாலோ வாந்தி வந்தாலோ என்ன செய்வது என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்று.

பதில்: அராலி அக்கா

இதற்கு ஏன் இவ்வளவு கணக்கு? திருவிழாக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பாமசியில் மாதவிடாயைத் தள்ளிவைக்கும் பிரிமொலுட் குளிசை வாங்கி எடுப்பது வழக்கம். நீங்களும் அதனை எடுத்துக்கொண்டு, மற்றக் குளிசையை அதன்பாட்டில் தொடரலாமே.

பதில்: ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், தென்மராட்சி

தங்கைக்கு, உங்கள் தோழி கூறியது சரி. வெள்ளைக் குளிசைகளில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோஜன் என்னும் இரண்டு ஓமோன்கள் உள்ளன. மண்ணிறக் குளிசைகளில் ஓமோன் எதுவும் இல்லை. அவற்றில் இருப்பது இரும்புச்சத்து. அந்தக் கிழமையில் வருவது, ஓமோன் நின்றதனால் கருப்பையின் உட்படலம் உதிர்ந்து ஏற்படும் குருதிப்போக்கேயன்றி, சூல் வெளியேறிய பின்னர் வரும் இயல்பான மாதவிடாய் அன்று. எனவே அதனைத் தள்ளிவைத்தால் கெட்ட இரத்தம் உள்ளே தேங்கிவிடும் என்று வீட்டில் யாராவது கூறினால் நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. குளிசை எடுக்கும் காலத்தில் அந்தப் படலம் மெல்லியதாகவே இருக்கும். தேங்குவதற்கு அங்கு ஒன்றும் இல்லை. 21 வெள்ளைக் குளிசைகளையும் முடித்து, மறுநாளே புதிய அட்டையின் முதலாவது வெள்ளைக் குளிசையை எடுங்கள். இடையில் சிறிது கறை படலாம். முதன்முறை இவ்வாறு செய்பவர்களுக்கு அது சாதாரணம். அதைக் கண்டு பயந்து அட்டையின் நடுவில் நிறுத்திவிடக் கூடாது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: வெள்ளைக் குளிசைகள் எல்லாம் ஒரே நிறத்தில், ஒரே அளவு ஓமோன் கொண்டவையாக இருந்தால்தான் இந்த முறை இவ்வளவு எளிது. கிழமைக்கு ஒரு நிறமாக மாறும் அட்டையென்றால் தந்தவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

பாதுகாப்புக் குறையுமா என்று கேட்டீர்கள். குறையாது. நான் வீடு வீடாகச் சென்று குளிசை கொடுத்த காலத்தில் பெண்களுக்கு மிகக் கடினமாக விளங்கிய விடயம் இதுதான். ஓமோன் இல்லாத ஏழு நாள்களில் சூலகங்கள் மெல்ல விழிக்கத் தொடங்குகின்றன. எட்டாம் நாள் வெள்ளைக் குளிசை வந்தவுடன் மீண்டும் உறங்கிவிடுகின்றன. அந்த இடைவெளி ஏழு நாளுக்கு மேல் நீளுவதே ஆபத்து. ஆகவே அட்டையின் நடுவில் ஒரு குளிசை மறந்தால் பதறுகின்ற பெண்கள், புதிய அட்டையை இரண்டு நாள் பிந்தித் தொடங்குவதை ஒரு பொருட்டாகவே எண்ணாதது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். உண்மையில் பொல்லாதது அந்தத் தாமதம்தான். கிளினிக்குக்குப் போக நேரமில்லை, அட்டை முடிந்துவிட்டது என்ற நிலை வராதபடி அடுத்த அட்டையை முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள்.

ஒரு வெள்ளைக் குளிசை மட்டும் தவறினால், நினைவு வந்தவுடன் அதனை எடுத்து, அன்றைய குளிசையை வழக்கமான நேரத்தில் எடுக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு எடுக்க நேர்ந்தாலும் பாதகமில்லை, வேறு பாதுகாப்பும் தேவையில்லை. இரண்டு அல்லது அதற்கு மேல் தவறினால், கடைசியாகத் தவறிய ஒன்றை மட்டும் உடனே எடுத்து, அதற்கு முந்தியவற்றை விட்டுவிட்டு, எஞ்சியவற்றை நாள்தோறும் தொடருங்கள்; தொடர்ந்து ஏழு நாள் வெள்ளைக் குளிசை எடுத்து முடியும் வரை ஆணுறையும் பயன்படுத்த வேண்டும். அந்த ஏழு நாள் முடியுமுன் வெள்ளைக் குளிசைகள் தீர்ந்துவிட்டால், மண்ணிறத்தை விட்டு நேரே அடுத்த அட்டைக்குப் போய்விடுங்கள். தவறியது அட்டையின் முதற்கிழமையில் என்றால், கடந்த ஐந்து நாள்களுக்குள் உறவு நிகழ்ந்திருப்பின் அவசர கருத்தடைக் குளிசை தேவையா என்று அன்றே கேட்க வேண்டும். மண்ணிறக் குளிசை தவறினால் ஒன்றுமில்லை. அதனை எறிந்துவிட்டு நாளைக் கணக்கில் வையுங்கள், போதும்.

குளிசை எடுத்து இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று எடுக்க வேண்டும். கடுமையான வாந்தியோ வயிற்றோட்டமோ ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், எடுத்த குளிசையும் உடலில் சேரவில்லை என்று கருதி, தவறிய குளிசைக்குரிய விதிகளையே பின்பற்ற வேண்டும். ஒரு நாளும் தவறாமல் எடுத்தால் ஓராண்டில் 100 பெண்களில் ஒருவருக்கும் குறைவாகவே கரு தங்கும். மறதியும் பிந்துதலும் கலந்த நடைமுறையில் அது ஏறத்தாழ 7 பேராகிவிடுகின்றது. விரத நாள்களில் குளிசையை நிறுத்துவோரும் உண்டு. அதற்கு உணவு தேவையில்லை, ஒரு மிடறு நீர் போதும். படுக்கப்போகும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டால் விரதத்துக்கும் இடைஞ்சல் இராது.

இறுதியாக நான் ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்குக் குளிசை தந்தபோது குருதி அமுக்கம் பார்த்தார்களா? தலையிடி பற்றிக் கேட்டார்களா? காலிலோ நுரையீரலிலோ குருதி உறைந்த வரலாறு உங்களுக்கோ உடன்பிறந்தோருக்கோ உண்டா? திருவிழாக் கணக்கைவிட இவை முக்கியமானவை.

பதில்: மருந்தாளர், யாழ் நகர்

அராலி அக்கா கூறிய குளிசை நோர்எதிஸ்தெரோன். ஓகஸ்ட் மாதத்தில் எங்கள் பாமசியில் அதனை யாராவது கேட்காத நாள் இல்லை. மாதவிடாய் வருமென்று எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்னதாகத் தொடங்கி, 5 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை எடுப்பது வழக்கம். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் குருதிப்போக்கு வரும். ஆனால் அது கருத்தடைக்கானது அன்று. ஏற்கெனவே கூட்டு ஓமோன் குளிசை எடுப்பவர் அதற்கு மேல் இதனையும் எடுப்பதில் பயன் எதுவும் இல்லை. தம்மிடமுள்ள அட்டையை வைத்தே அதே வேலையைச் செய்துகொள்ளலாம். மேலும், அந்த அளவில் எடுக்கும்போது நோர்எதிஸ்தெரோனின் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகின்றது. ஆகவே ஈஸ்ட்ரோஜன் ஆகாத பெண்களுக்கு அதுவும் கேட்காமல் வாங்கி எடுக்கத் தக்கதன்று.

மற்ற மருந்துகளைப் பற்றியும் கூறிவிடுகின்றேன். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமாசெபின், பெனிடோயின், பெனோபார்பிட்டால் ஆகியவை கருத்தடைக் குளிசையின் ஓமோன்களை ஈரல் விரைவாகச் சிதைக்கும்படி செய்துவிடுகின்றன. ரிஃபாம்பிசினை நிறுத்திய பின்னரும் நான்கு கிழமை வரை இந்த விளைவு நீடிக்கும். வலிப்புக்கு எடுக்கும் லமோட்ரிஜின் மறுபுறமானது: குளிசை அதன் அளவைக் குருதியில் குறைத்துவிடும், வலிப்புத் திரும்பக்கூடும். தொண்டை நோவுக்கு எடுக்கும் அமொக்சிசிலின் போன்ற சாதாரண அன்டிபயோட்டிக் குளிசைகளால் பாதுகாப்புக் குறைவதில்லை. அவை வயிற்றைக் குழப்பினால் மட்டும் கவனம் தேவை. அட்டையை மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு திரிபவர்களைக் கண்டிருக்கின்றேன். எங்கள் வெயிலுக்கு அது நல்லதன்று.

கேள்வி கேட்டவர்: கோண்டாவில் வாசகி

அனைவருக்கும் நன்றி. குருதி அமுக்கம் பார்த்தார்கள். 110/70 என்று அட்டையில் குறித்துள்ளார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் குருதி உறைந்ததாகத் தெரியவில்லை. நான் புகைப்பதில்லை. தலையிடி பற்றிய பேச்சு அன்று எழவில்லை. பாடசாலைக் காலத்திலிருந்தே எனக்கு ஒற்றைத் தலையிடி உண்டு. அது தொடங்குவதற்கு முன்னர் பார்வையின் ஒரு பக்கத்தில் வளைந்து வளைந்து மின்னுகின்ற கோடுகள் தோன்றும். வாசிக்கும் பக்கத்தில் பாதி எழுத்துகள் மறைந்துவிடும். கால் மணி அல்லது அரை மணி நேரத்தில் அது நீங்கியதும் தலையிடி தொடங்கும். இக்குளிசை தொடங்கிய பின்னர் சற்று அடிக்கடி வருகின்றதோ என்று எண்ணுகின்றேன். இது தொடர்புடையதா? இப்போது நான் மூன்றாவது வரிசை வெள்ளைக் குளிசைகளில் இருக்கின்றேன், எதுவும் தவறவில்லை.

பதில்: பெண்ணோயியல் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்

தொடர்புடையதுதான், எனவே முன்னைய பதில்களில் உங்கள் நிலைக்குப் பொருந்துவன எவை என்பது இப்போது மாறிவிடுகின்றது. நீங்கள் விவரிப்பது, பார்வைக் குறிகளுடன் வரும் ஒற்றைத் தலையிடி. உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி விதிகள், இத்தகைய தலையிடி உள்ள பெண்கள் எந்த வயதினராயினும் ஈஸ்ட்ரோஜன் கலந்த குளிசையைப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபட்டு ஏற்படும் பக்கவாதத்துக்கான வாய்ப்பு இந்தத் தலையிடி உள்ளவர்களுக்குச் சற்றுக் கூடுதல். ஈஸ்ட்ரோஜன் அதனை மேலும் கூட்டுகின்றது. உங்கள் வயதில் அது நிகழ்வது அரிதே. ஆயினும் வேறு நல்ல வழிகள் இருக்கும்போது அந்த வாய்ப்பை ஏற்க வேண்டியதில்லை. பார்வைக் குறிகள் இல்லாமல் வரும் சாதாரணத் தலையிடிக்கு இது பொருந்தாது என்பதை வாசிக்கும் மற்றவர்களுக்காகக் கூறுகின்றேன்; தலையிடி என்றவுடன் எல்லோரும் அட்டையை வீசிவிட வேண்டாம்.

நீங்கள் நாளையே கிளினிக்குக்குச் சென்று இதனை இதே சொற்களில் கூறுங்கள். அடுத்த அட்டையைத் தொடங்க வேண்டாம். மூன்றாவது வரிசையில், எதுவும் தவறாமல் இருப்பதனால், இதுவரை நிகழ்ந்த உறவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் குளிசையை நிறுத்தும் நாளிலிருந்தே ஆணுறை கட்டாயம். முதல் வரிசையில் இருந்திருந்தால் இவ்வளவு உறுதியாகக் கூறியிருக்க மாட்டேன். பக்கவாதத்தின் அறிகுறிகளாகிய, முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் திடீரென வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் காத்திராமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். கூட்டுக் குளிசை எடுக்கும் எவருக்கும், ஒரு காலின் கெண்டைப் பகுதி வீங்கி நோவதும், திடீர் நெஞ்சு நோவும் மூச்சுத்திணறலும் அதே அவசரத்துக்குரியவை.

மாற்று வழிகளில், புரோஜெஸ்ட்ரோஜன் மட்டும் உள்ள குளிசை, மேற்கையில் தோலுக்கடியில் வைக்கும் உட்பதியம், கருப்பைக்குள் வைக்கும் செப்பு லூப் ஆகியவற்றை உங்கள் நிலையில் கருதலாம். லூப்பில் ஓமோன் எதுவும் இல்லை. பிள்ளை வேண்டும் என்றபோது எடுத்துவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் டிப்போ ஊசியும் தலையிடியைப் பொறுத்தவரை தடையில்லை. ஆனால் நிறுத்திய பின்னர் கருத்தரிக்கும் தன்மை திரும்பச் சில மாதங்கள் செல்வதனால், அடுத்த வருடம் பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு நான் அதனை முதலாவதாகக் கூறுவதில்லை.

திருவிழாவைப் பொறுத்தவரை, இப்போது நிறுத்தினால் சில நாளில் குருதிப்போக்கு வந்து கொடியேற்றத்துக்கு முன்னர் முடிந்துவிடக்கூடும். அதற்கடுத்தது எப்போது வருமென்று உறுதியாகக் கூற இயலாது, தேரன்று வந்தாலும் வரலாம். தள்ளிவைத்தே ஆகவேண்டும் என்றால், மருந்தாளர் கூறிய காரணத்தினால் நோர்எதிஸ்தெரோனைத் தாமாக வாங்காமல், ஈஸ்ட்ரோஜனாக மாறாத மெட்ரொக்சிபுரோஜெஸ்ட்ரோன் பொருந்துமா என்று கிளினிக்கிலேயே கேளுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், தென்மராட்சி

மருத்துவர் கூறியபடி செய்யுங்கள், தங்கையே. உங்கள் பகுதி உத்தியோகத்தரிடம் செல்லும்போது வீட்டிலுள்ள திறக்காத அட்டைகளையும் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீணாகின்றதே என்று அலுவலகத் தோழியிடமோ மச்சாளிடமோ கொடுக்க வேண்டாம். குருதி அமுக்கமும் தலையிடியும் பிள்ளைக்குப் பாலூட்டுவதும் அவரவரிடம் தனித்தனியே கேட்டுப் பார்த்த பின்னரே அந்த அட்டை ஒருவர் கைக்குப் போக வேண்டும். பாலூட்டும் தாய்க்குப் பிரசவமாகி ஆறு கிழமைக்குள் அதனைக் கொடுக்கவே கூடாது. ஆறு மாதம் வரையிலும் வேறு வழியையே முதலில் பார்ப்போம்.