சுவருக்குள் இன்னொரு சுவர்: மூஷ்டைர், மால்ஸ், கிரௌன் பக்கத்துப் பழைய கோயில்கள்

சுவிட்சர்லாந்துக்கு வரும் நம் ஆட்கள் பனி பார்க்க ஏறுவார்கள், சாக்லேட் வாங்குவார்கள், திரும்பிவிடுவார்கள். நாட்டின் கிழக்குக் கோடியில், இத்தாலி எல்லையை ஒட்டி மூஷ்டைர் என்று ஓர் ஊர் இருப்பது சூரிக்கில் பல வருடமாக இருக்கும் எங்களில் பலருக்கே தெரியாது. செர்னெட்ஸ் வரை ரயில், அங்கிருந்து மஞ்சள் போஸ்ட் பஸ். 2,149 மீட்டர் உயரத்திலுள்ள ஓஃபன் கணவாயைத் தாண்டி வளைந்து வளைந்து இறங்கும். வயிறு பிரட்டுகிறவர்கள் முன்பக்கம் உட்காருங்கள்.

ஊரின் ஓரத்தில், புல்வெளியை ஒட்டி புனித யோவான் மடம். 775 வாக்கில் தொடங்கியது என்கிறார்கள். பேரரசர் சார்லமேன் உம்பிரைல் கணவாயில் பனிப்புயலில் மாட்டி உயிர்தப்பி, அதற்கு நேர்த்திக்கடனாகக் கட்டினார் என்பது ஊர்க்கதை. கதை போகட்டும். பக்கத்திலேயே இருக்கும் திருச்சிலுவைச் சிற்றாலயத்தின் விட்டங்களை ஆய்வாளர்கள் சோதித்தபோது, அந்த மரம் 780-களில் வெட்டப்பட்டது என்று தெரிந்தது. அப்படியானால் காலம் சரியாகத்தான் பொருந்துகிறது.

வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை, வெள்ளைச் சுவர்தான். உள்ளே போனதும் சுவர் முழுக்க ஓவியம். செங்காவி, மஞ்சள் காவி, பழுப்பு, சாம்பல். எகிப்துக்குத் தப்பி ஓடும் குடும்பம், செவிட்டு ஊமையைக் குணமாக்கும் இயேசு, பின்சுவரில் பெரிய இறுதித் தீர்ப்பு. எல்லாம் சுமார் 1,200 வருடம் பழையவை. கிழக்கே மூன்று வளைந்த பீட மாடங்கள். அங்கே மட்டும் 1200 வாக்கில் பழைய படத்தின் மேலேயே புதிதாகச் சாந்து பூசி மறுபடியும் வரைந்திருக்கிறார்கள். நடு மாடத்தில் ஏரோது மன்னனின் விருந்து, ஆடிய பெண் யோவானின் தலையைப் பரிசாகக் கேட்ட கதை. அந்தப் பெண் உடம்பை வளைத்து ஆடுகிறாள், விருந்தாளிகள் சாப்பாட்டுப் பலகையின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி அம்மா கொஞ்சம் கறார். ஒருவர் தூணில் சாய்ந்ததற்கே முறைத்தார். ஆனால் கேள்வி கேட்டால் முகம் மலர்ந்துவிடும். "இவ்வளவு நாள் எப்படித் தப்பியது?" என்று கேட்டேன். "யாருக்கும் பிடிக்காததால் தப்பியது" என்றார். பழைய பாணி சலித்துப்போய் மேலே பூசினார்கள். 1490-களில் தட்டையான கூரையை எடுத்துவிட்டு வளைவுக்கூரை போட்டபோது தூண்கள் எழுந்து, சில படங்களை வெட்டிக்கொண்டே போயின. பூச்சுக்குள் கிடந்ததை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அடையாளம் கண்டார்கள். கொஞ்சத்தை 1900-களின் தொடக்கத்தில் பெயர்த்துச் சூரிக் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். மீதியை 1947-இலிருந்து சில வருடங்களில் சுரண்டி வெளியே எடுத்தார்கள். 1983-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். நம்மூர்க் கோயில்காரர்கள் வெள்ளையடிப்பதைத் திட்டுகிறவன் நான். இங்கே அதே பூச்சு காவல் காத்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

இன்னொன்று. அந்தப் பள்ளத்தாக்கில் மற்ற ஊர்களெல்லாம் 16-ஆம் நூற்றாண்டில் புரொட்டஸ்டன்ட் ஆகிவிட்டன. மடம் இருக்கிற மூஷ்டைர் மட்டும் கத்தோலிக்க ஊராகவே நின்றது. பெனடிக்டைன் கன்னியாஸ்திரிகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். மணி அடித்தால் செபத்துக்குப் போய்விடுவார்கள், உலகப் பாரம்பரியச் சின்னம் பார்க்க வந்த நாம் காத்திருக்க வேண்டியதுதான். நான் பிறப்பால் சைவன். ஆனாலும் அந்த நேரத்தில் பேசத் தோன்றவில்லை.

* * *

மேலே எழுதியவர் மூஷ்டைர் வரை போய், எல்லையைத் தாண்டாமல் திரும்பியிருந்தால் பாதிதான் பார்த்திருக்கிறார்! அதே பஸ் இத்தாலிப் பக்கம் மால்ஸ் வரை போகிறது. எல்லையைத் தாண்டியதும் டௌஃபர்ஸ் ஊரில் புனித யோவான் கோயில், அந்தக் காலத்து வழிப்போக்கர் சத்திரத்தோடு சேர்ந்தது. வெளிச்சுவரில் ராட்சத அளவில் புனித கிறிஸ்டோபர். அவர் முகத்தைப் பார்த்தவனுக்கு அன்றைக்குத் திடீர்ச் சாவு இல்லை என்பது பழைய நம்பிக்கை. அதனால்தான் பாதையில் போகிறவன் கண்ணில் படுகிற மாதிரி அவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறார்கள். கணவாய் ஏறப்போகிறவனுக்கு அது அவசியம்தானே.

நான் வட இத்தாலியின் போல்சானோ நகரில் படித்தபோது, மால்ஸ் இருக்கிற ஃபின்ஷ்காவ் பள்ளத்தாக்கில் சைக்கிளில் சுற்றுவேன். மெரானோவிலிருந்து மால்ஸுக்கு ரயில் இருக்கிறது. 1990-இல் மூடி, 2005-இல் மறுபடி விட்டார்கள். மேலே போக ரயில், கீழே இறங்கச் சைக்கிள். இதுதான் சோம்பேறிகளின் வழி, என் வழியும். மழை குறைவான பள்ளத்தாக்கு, எங்கு பார்த்தாலும் ஆப்பிள் தோட்டம்.

மால்ஸில் புனித பெனடிக்ட் கோயில் ஒரு பெரிய அறை அளவுதான். கிழக்குச் சுவரில் மூன்று மாடங்கள். அவற்றுக்கு நடுவே கோயில் கட்டிக்கொடுத்த இரண்டு பேரின் படம்: வாளோடு ஒரு பிரபு, கையில் கோயில் மாதிரியோடு ஒரு குரு. இவையும் மூஷ்டைர் காலத்தவை. நான் முதலில் போனபோது பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுத் தாத்தா ஜன்னலிலிருந்து எட்டிப்பார்த்து, திறக்கிற நேரத்தை விரல்களால் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அதுவரை என்ன செய்வது? கீழே லாட்ச் ஊருக்கு இறங்கினேன். அங்கே புனித லெயோனார்டு கோயிலுக்கு அடியிலேயே தெரு போகிறது. மேலே பீடம், கீழே டிராக்டர்.

பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கம் நாட்டுர்ன்ஸில் புனித புரோகுலஸ் கோயில். அங்கே ஒருவர் கயிற்றில் உட்கார்ந்து ஆடுகிற மாதிரி படம். ஊஞ்சல் இல்லை, மதிலிலிருந்து இறக்கித் தப்பவிடுகிறார்கள். வெரோனாவிலிருந்து தப்பிய ஆயர் புரோகுலஸ் என்று ஒரு கட்சி, தமஸ்கு மதிலில் இறக்கப்பட்ட பவுல் என்று இன்னொரு கட்சி. எனக்கு அதைவிடப் பிடித்தது மேற்குச் சுவரில் வரிசையாக நடக்கிற மாடுகள். வரைந்தவனுக்கு மாடுகளைத் தெரிந்திருக்கிறது.

நேரம் இருந்தால் மரியன்பெர்க் மடத்துக்கும் ஏறுங்கள், 1,335 மீட்டரில். நிலவறையில் 12-ஆம் நூற்றாண்டுத் தேவதூதர்கள். 17-ஆம் நூற்றாண்டில் அந்த இடத்தைத் துறவிகளின் கல்லறையாக்கி மூடினார்கள். 1980-இல் திறந்தபோது நிறம் புதிதாக இருந்தது. மேலே எழுதியவர் சொன்ன "காவல்" கதைதான்.

* * *

மேலே எழுதிய இருவர் அளவுக்கு விவரம் எனக்குத் தெரியாது. நாங்கள் டூர் பஸ்ஸில் போனவர்கள். மால்ஸுக்கு வடக்கே ரெஷன் ஏரி, தண்ணீருக்கு நடுவில் நிற்கும் மணிக்கோபுரம், பதினைந்து நிமிடம் போட்டோ, கிளம்பு என்றார்கள். எல்லாரும் கோபுரத்துக்கு முதுகைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றோம். நானும்தான்.

காப்பிக் கடைக்காரப் பெண்மணியிடம் பேச்சுக் கொடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அது கிரௌன் ஊரின் பங்குக் கோயில் கோபுரம், 14-ஆம் நூற்றாண்டுடையது. மின்சாரத்துக்காக அணை கட்டி 1950-இல் ஊரையே மூழ்கடித்தார்கள். 163 வீடுகள், 523 ஹெக்டேர் நிலம். அறிவிப்பை இத்தாலிய மொழியில் ஒட்டினார்களாம், ஊர் பேசியது ஜெர்மன். கோயிலை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கோபுரம் மட்டும் பழஞ்சின்னம் என்பதால் தப்பியது. "எங்கள் பாட்டி வீடு அதோ, படகு நிற்கிற இடத்தில்" என்று கையை நீட்டினார். குளிர்காலத்தில் தண்ணீருக்குள்ளிருந்து மணிச்சத்தம் கேட்குமாமே என்று கேட்டேன். "மணிகளை முன்னாடியே இறக்கிவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குக் காப்பி ஊற்றப் போய்விட்டார்.

அடுத்த முறை டூர் பஸ் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மால்ஸில் தங்கினால் எல்லாவற்றுக்கும் போய்வர முடியுமா?

* * *

முடியும். மூஷ்டைர், டௌஃபர்ஸ், லாட்ச், மரியன்பெர்க் எல்லாம் மால்ஸுக்குப் பக்கம். கிரௌனுக்கு பஸ், நாட்டுர்ன்ஸுக்கு ரயில். கோடையில் போங்கள். சின்னக் கோயில்கள் நாள் முழுக்கத் திறந்திருக்காது, நேரத்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மூஷ்டைரில் பிராங்க், மறுபக்கம் யூரோ. அடையாள அட்டையை மறக்காதீர்கள்.